பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயில் மாற்றலாமா, விட்டுவிடலாமா?

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, கியர் ஆயில் மாற்றலாமா என்று கேட்டால் பல ஒர்க்‌ஷாப்பில் ஒரே பதில்தான்: "இத்தனை வருஷம் மாத்தலை இல்ல, இப்ப கை வைக்காதீங்க சார். வெச்சா கியர்பாக்ஸ் போயிடும்." இந்தப் பயத்தில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி எது என்று தெரியாமல் மொத்தத்தையும் நம்பிவிடுவதால், இன்னும் பல வருஷம் ஓடியிருக்க வேண்டிய கியர்பாக்ஸ்கள் கழற்றி வைக்கப்படுகின்றன.

பேச வசதியாக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2003-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா கொரோலாவின் 1.8 லிட்டர் ஆட்டோமேட்டிக். அதன் ஜப்பானியச் சகோதரம் இலங்கையில் '121' என்று எண்ணாலேயே அழைக்கப்பட்டு இன்னும் ஏராளமாக ஓடுகிறது. நான்கு கியர், எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர், கிரகப் பற்சக்கரங்கள், ஈரக் கிளட்ச் தட்டுகள் என்று பழைய முறையில் செய்த கெட்டியான பெட்டி. ஆயில் பார்க்க டிப் ஸ்டிக்கும் உண்டு. இன்று வரும் பல கார்களில் அது இல்லை என்பதால், பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலின் வேலை பற்கள் தேயாமல் காப்பது, அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் எஞ்சினின் விசையைக் கன்வெர்ட்டர் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. வால்வுகளும் துளைகளும் நிறைந்த வால்வு பாடிக்குள் ஓடி, எந்தக் கிளட்ச் எப்போது பிடிக்க வேண்டும் என்பதை அழுத்தமாக மாற்றிக் கொடுப்பதும் அதுதான். சூட்டை ரேடியேட்டர் வரை தூக்கிப் போய் இறக்கிவிட்டு வருவதும் அதுவே. இவை எல்லாவற்றையும்விட நுட்பமான வேலை ஒன்று இருக்கிறது. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும் அந்த அரை நொடிக்குள் முதலில் கொஞ்சம் வழுக்க வேண்டும், பிறகு இறுகப் பிடிக்க வேண்டும். வழுக்கல் கூடினால் தட்டு கருகும். குறைந்தால் முதுகில் தட்டியதுபோல் கியர் விழும். இந்த அளவை நிர்ணயிப்பது ஆயிலில் கலந்திருக்கும் உராய்வு மாற்றி என்னும் சேர்மானம்.

இந்தச் சேர்மானத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க ஆட்டோமேட்டிக் ஆயில்களில் இந்த வேலையைச் செய்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். ஜெனரல் மோட்டார்ஸ் 1967-ல் கொண்டுவந்த டெக்ஸ்ரான் வரிசையிலும் அது இருந்தது. திமிங்கிலங்களைக் காக்க அமெரிக்கச் சட்டம் அந்த எண்ணெயை விலக்கியபோது மாற்றுப் பொருள் தேட வேண்டியதாயிற்று. புதிதாக வந்த டெக்ஸ்ரான்-2 ஆயிலின் முதல் கலவை, ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரின் பற்றவைப்பை அரித்தது. அரிப்புத் தடுப்பான் சேர்த்துத் திருத்தினார்கள். அதே காலத்தில் ஃபோர்டின் டைப் எஃப் ஆயில் உராய்வு மாற்றியே இல்லாமல், சடாரென்று பிடிக்கும்படி செய்யப்பட்டது. இரண்டும் சிவப்பு, இரண்டும் ஆட்டோமேட்டிக் ஆயில். ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்ற முடியாது. சிவப்பு நிறம் வெறும் சாயம், கசிந்தால் எஞ்சின் ஆயிலா கியர் ஆயிலா என்று கண்டுபிடிக்க உதவுவது. ஆயிலின் குணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆகவே டப்பாவின் மேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள். நாம் எடுத்துக்கொண்ட கொரோலாவுக்கு டைப் டி-4. டப்பாவில் நான்கு ரோமன் எண்ணில் இருக்கும். அதற்கு முந்தைய தலைமுறை, 1990-களின் கொரோலா பெரும்பாலும் டெக்ஸ்ரான்-2 அல்லது 3 கேட்கும். கடையில் "இதைவிடப் புதுசு, இதைவிட நல்லது" என்று டொயோட்டாவின் அடுத்த தலைமுறை ஆயிலான டபிள்யூஎஸ்ஸை நீட்டுவார்கள். அது நல்ல ஆயில்தான், ஆனால் டி-4-ஐவிடத் தண்ணீர்த்தனமானது. 100 டிகிரியில் டி-4-ன் பாகுத்தன்மை ஏறத்தாழ 7 சென்டிஸ்டோக், டபிள்யூஎஸ்ஸினுடையது ஐந்தரை அளவு. இருபது வருஷம் தேய்ந்த பம்பும் இறுகிப்போன சீல்களும் உள்ள பெட்டியில் மெல்லிய ஆயிலை ஊற்றினால், கசிய வேண்டிய இடத்தில் எல்லாம் இன்னும் எளிதாகக் கசியும், அழுத்தம் இறங்கும். கார் எந்த ஆயிலுக்காகச் செய்யப்பட்டதோ அதற்கு ஈடானதையே ஊற்றுங்கள். இன்னும் பெரிய ஆபத்து சிவிடி கார்களில், அதாவது கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் கொண்டு வேகத்தை மாற்றும் பெட்டியில். 2000-களின் நடுவில் வந்த ஹோண்டா சிட்டியின் ஆட்டோமேட்டிக், பெல்ட்டில் ஓடும் சிவிடி. அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கி, புல்லி கீறி, பெட்டியே முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே "ஆட்டோ கியர் ஆயில்" என்று பேரலில் இருந்து அளந்து ஊற்றும் இடத்தில் காரை விடாதீர்கள்.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். ஆயில் எப்படிக் கெடுகிறது? முதல் எதிரி சூடு. சாதாரணமாக 80, 90 டிகிரியில் ஓடும் பெட்டி, மே மாத வெயிலில் நெரிசலில் ஊர்ந்தால் அதைத் தாண்டிப் போகும். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் இருமடங்காகும் என்பது பழைய கணக்கு. உராய்வு மாற்றி செலவழிந்து போகிறது, அழுக்கைக் கரைத்து வைக்கும் சேர்மானம் தீர்கிறது, கிளட்ச் தட்டில் இருந்து உதிர்ந்த துகள் மிதக்கத் தொடங்குகிறது. உராய்வு மாற்றி தீர்ந்ததை ஓட்டுபவரே உணரலாம். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும் (எஞ்சினும் பெட்டியும் நேரடியாக இணையும்) நேரத்தில், சாலையில் வரிசையாகக் கோடு போட்ட வேகத்தடைமேல் போவதுபோல ஒரு நடுக்கம் வரும். ஆயில் மாற்றியதும் இது அடங்கிவிடும் கார்கள் நிறைய.

பயத்தின் உண்மையான பாதி இங்கேதான் இருக்கிறது. தட்டுகளில் உராய்வுப் பூச்சு ஏற்கெனவே தீர்ந்துவிட்ட பெட்டியில், அழுக்கு ஆயிலில் மிதக்கும் அந்தத் துகள்கள்தான் கொஞ்சம் பிடிப்பைத் தந்துகொண்டிருக்கும். அதை வடித்துவிட்டுச் சுத்தமான ஆயில் ஊற்றினால் இருந்த பிடிப்பும் போகும். ஆனால் அந்தப் பெட்டி மாற்றாமல் விட்டாலும் சில மாதத்தில் நின்றிருக்கும். இன்னொன்றும் நடக்கிறது. பலர் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆயில் மாற்ற வருகிறார்கள். மாற்றிய மறுவாரம் பெட்டி போனால் பழி ஆயிலின் தலையில் விழுகிறது.

மூன்றாவது காரணம்தான் நிஜமான குற்றவாளி: மெஷின் வைத்து, கரைப்பான் கலந்து, அழுத்தத்தில் அடித்துக் கழுவுவது. பதினைந்து வருஷமாக மூலையில் அமைதியாகப் படிந்துகிடந்த கசடை அது ஒரே நாளில் கிளப்பிவிடுகிறது. வால்வு பாடிக்குள் வால்வுக்கும் துளைக்கும் இடையே இருப்பது மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளி. அங்கே ஒரு துகள் சிக்கினாலும் கியர் விழாது. பழைய காருக்கு அந்த மெஷின் வேண்டவே வேண்டாம்.

அதனால் முதலில் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். சூடான எஞ்சின் ஓடும்போது டிப் ஸ்டிக்கை உருவி, ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். சொட்டு பரவி, ஓரம் முழுக்க இளஞ்சிவப்பாகவோ தேன் நிறத்திலோ விரிந்தால் ஆயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக இருந்தும் நன்றாகப் பரவினால் வயதாகிவிட்டது, தயங்காமல் மாற்றலாம். பரவாமல் நடுவில் கறுப்பாக, மணல்போல நின்று, தீய்ந்த வாடையும் அடித்தால் தட்டு கருகியிருக்கிறது. அதோடு கியர் வழுக்கலும் இருந்தால், ஆயில் செலவை மிச்சம் பிடித்துப் பெட்டியைப் பிரிக்கும் செலவுக்கு வைத்துக்கொள்வதே சரி. சொட்டு ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் நிறத்தில் கலங்கலாக வந்தால் அது தனிக் கதை, கீழே சொல்கிறேன்.

டி போட்டதும் காரே குலுங்குகிறது என்றால் எஞ்சின் மவுண்ட்டையும் பார்த்துவிடுங்கள். கிழிந்த ரப்பருக்குக் கியர்பாக்ஸ் பழி சுமப்பது அடிக்கடி நடப்பது.

மாற்றும் முறையில் முதலில் கணக்கு. சம்ப்பின் (பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் கொரோலாவில் சுமார் 3 லிட்டர்தான் வடியும். மீதி கன்வெர்ட்டரிலும் கிளட்ச் அறைகளிலும் கூலரிலும் தங்கிவிடும். இந்த ஜப்பானியப் பெட்டிகளில் கன்வெர்ட்டருக்குத் தனி வடிகால் கிடையாது. மொத்தம் ஏழரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை வடித்து ஊற்றியதும் பழைய ஆயில் 60 சதவீதம் உள்ளேயே இருக்கும். இரண்டாம் முறைக்குப் பின் 36, மூன்றாவதில் 22, நான்காவதில் 13. "ஒரு முறை மாற்றினேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்பவர்கள் உண்மையில் பாதிகூட மாற்றவில்லை.

எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத காருக்கு நான் பரிந்துரைப்பது இந்த நிதானமான வழிதான்: வடி, ஊற்று, 500 முதல் 1,000 கிலோமீட்டர் ஓட்டு, மறுபடி வடி. இப்படி மூன்று முறை. கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும், பெட்டியும் புது ஆயிலுக்குப் பழகும். 9, 10 லிட்டர் ஆயில் செலவாகும். அவசரமாக ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பவர்களுக்குக் கூலர் ஹோஸ் வழி உண்டு, அதையும் சொல்கிறேன். சொட்டுச் சோதனையில் ஆயில் மோசமாக இருந்தால் அந்த வழி வேண்டாம்.

காரைப் பத்து நிமிடம் ஓட்டி இளஞ்சூடாக்குங்கள். கொதிக்கும் சூட்டில் கை வைத்தால் தோல் உரியும். சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுக் கீழே போங்கள். டிரெயின் போல்ட் பல டொயோட்டாக்களில் 10 மில்லிமீட்டர் ஆலன் கீயில் கழலும். எஞ்சின் ஆயில் போல்ட் வேறு, இது வேறு. தவறிப்போய் எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, கியர்பாக்ஸில் 3 லிட்டர் கூடுதலாக ஊற்றிய கார்கள் உண்டு. வடிந்ததைக் கோடு போட்ட பாட்டிலில் அளந்து வையுங்கள். அந்த அளவுதான் திரும்ப ஊற்ற வேண்டிய அளவு. 3 லிட்டர் வர வேண்டியது இரண்டரைதான் வந்தது என்றால், பெட்டி இதுவரை குறைந்த ஆயிலில் ஓடியிருக்கிறது, எங்கே கசிகிறது என்று தேட வேண்டும்.

முதல் முறையிலேயே சம்ப்பையும் இறக்குங்கள். கழற்றும்போது இன்னும் ஒரு அரைக் கோப்பை ஆயில் விளிம்பு வழியே கொட்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிறிய காந்தங்கள் இருக்கும். அவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் பசைபோல, விரலில் தேய்த்தால் மை மாதிரி வழுக்கும் படிவு இருப்பது இயல்பு, இருபது வருஷத் தேய்மானம் அது. கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சில்லோ, காந்தத்தில் ஒட்டாத வெண்கல நிறச் செதிலோ இருந்தால் பற்சக்கரமோ புஷ்ஷோ போய்க்கொண்டிருக்கிறது. காந்தத்தைத் துடைத்து அதே இடத்தில் வையுங்கள். வடிகட்டியை மாற்றும்போது அதன் போல்ட்டுகள் சில பெட்டிகளில் நீளம் மாறி இருக்கும், எது எங்கே இருந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வைப்பது நல்லது.

துடைக்கப் பனியன் வேஸ்ட்டைத் தொடாதீர்கள். அதன் ஒரு நூல் வால்வு பாடிக்குப் போனால் போதும். நூல் உதிராத துணியோ காகிதமோ பயன்படுத்துங்கள். பேக்கிங் போட்டு மூடும் பெட்டியில் பேக்கிங்கின்மேல் அனாபாண்ட் என்னும் சீலிங் பசையைத் தடவும் பழக்கமும் கூடாது. பிதுங்கி உள்ளே விழும் துண்டு நேராக வடிகட்டியில் போய் அடைக்கும். பிறகு சம்ப் போல்ட்டுகள். இவற்றின் இறுக்கம் வெறும் 5 முதல் 8 நியூட்டன் மீட்டர். சின்ன ராட்செட்டை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவுதான். கசியக் கூடாதே என்று பலம் போட்டால் தகடு வளைந்து, அதனாலேயே கசியும். அல்லது அலுமினியத்தில் மரை போகும். குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர்.

ஊற்றுவது டிப் ஸ்டிக் குழாய் வழியாகத்தான். நீண்ட மெல்லிய ஹோஸ் வைத்த புனல் வேண்டும், அது இதற்கென்றே தனியாக இருக்க வேண்டும். வடிந்ததைவிட ஒரு கால் லிட்டர் குறைவாக ஊற்றிவிட்டு எஞ்சினைப் போடுங்கள். பிரேக்கை மிதித்தபடி பி-யில் இருந்து எல் வரை ஒவ்வொரு நிலையிலும் மூன்று விநாடி நிறுத்தித் திரும்ப பி-க்கு வாருங்கள்.

கூலர் ஹோஸ் வழி இது: மேலே சொன்னபடி வடித்து ஊற்றிய பிறகு, ரேடியேட்டரில் இருந்து பெட்டிக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி, ரேடியேட்டர் பக்கத்து முனையில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் சொருகிக் கோடு போட்ட பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் எஞ்சினைப் போட, மற்றவர் பாட்டிலைப் பார்க்க வேண்டும். சரியாக ஒரு லிட்டர் வந்ததும் நிறுத்தி, ஒரு லிட்டர் புது ஆயிலை மேலே ஊற்றி, மறுபடி. பெட்டியின் சொந்த பம்பே தள்ளுவதால் கூடுதல் அழுத்தம் ஏதும் இல்லை. ஆனால் பேச்சுச் சுவாரசியத்தில் மூன்று லிட்டர் போக விட்டால் பம்ப் காற்றைக் குடிக்கும். இருவருக்கும் இடையே "நிறுத்து" என்ற ஒரு சொல் மட்டும் போதும்.

அளவு பார்ப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஆயில் சூட்டில் விரியும். ஏழரை லிட்டர், 30 டிகிரியில் இருந்து 80-க்குப் போனால் கால் லிட்டருக்கு மேலேயே பெருகும். அதனால்தான் டிப் ஸ்டிக்கில் குளிருக்கு ஒரு கோடும் சூட்டுக்கு ஒரு கோடும் இருக்கின்றன. குளிர்ந்த நிலையில் சூட்டுக் கோடு வரை ஊற்றினால், ஓடும்போது அளவு மீறும். பற்சக்கரங்கள் அதை மோரைக் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் தாங்கும் சக்தி இல்லை, எனவே அதிகம் ஊற்றினாலும் கியர் வழுக்கும். குறைந்தாலோ, வளைவில் திரும்பும்போதும் மேடு ஏறும்போதும் பம்ப் காற்றை இழுத்து, கியர் விழத் தாமதமாகும். 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆயில் 70 முதல் 80 டிகிரியில் இருக்கும்போது, எஞ்சின் ஐடிலில், பி-யில் வைத்துப் பாருங்கள். புதிதாக ஊற்றிய குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில் டிப் ஸ்டிக்கின் ஒரு பக்கத்தை நனைத்து ஏமாற்றும். இரு பக்கமும் பார்த்து, தாழ்ந்த பக்கத்தைக் கணக்கில் எடுங்கள். இந்த முறை டொயோட்டாவுக்கு. டிப் ஸ்டிக் உள்ள பழைய ஹோண்டாக்களில் சூடானதும் எஞ்சினை அணைத்து உடனே பார்க்க வேண்டும், பழைய மிட்சுபிஷிகளில் எஞ்சின் ஓட, நியூட்ரல் நிலையில். காரின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

1990-களின் கொரோலாவில் மூன்று கியர் ஏ131எல் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குத் தனி அறை, தனி டிரெயின், தனியாக ஊற்றும் வாய். டிப் ஸ்டிக்கில் பார்ப்பது கியர் அறையை மட்டும். அதே காலத்து கேம்ரியின் ஏ140இ-யும் இப்படித்தான். ஆயில் மாற்றிக்கொண்டே இருந்தும் டிஃபரன்ஷியல் வறண்டு பேரிங் கத்துவது இதனால்தான்.

அந்த மில்க் ஷேக் விஷயம். கியர் ஆயில் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது துருப்பிடித்து ஓட்டையானால் கூலண்ட்டும் கியர் ஆயிலும் கலக்கும். கூலண்ட்டில் உள்ள கிளைக்கால் கிளட்ச் தட்டின் பசையை இளக்கி, உராய்வுத் தாளை உரித்துவிடும். அந்த நிறத்தைக் கண்டால் காரை அங்கேயே நிறுத்துங்கள், ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிக்கூடப் போகாதீர்கள். ரேடியேட்டரை மாற்றிப் பலமுறை ஆயில் மாற்றியும் சில மாதத்தில் பெட்டி போனதுண்டு, கலந்தபடி எவ்வளவு நேரம் ஓடியது என்பதைப் பொறுத்தது. இருபது வயது ரேடியேட்டருக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, கசியும் முன்பே மாற்றிவிடுவது கியர்பாக்ஸுக்குச் செய்யும் மலிவான காப்பீடு. கூலருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸையும் அப்போதே மாற்றுங்கள், கியர் ஆயிலுக்கென்று விற்கும் ஹோஸ் கேட்டு வாங்கி. சாதாரண ஹோஸ் சூட்டில் சில மாதத்திலேயே வெடிக்கும்.

மூன்று முறை மாற்றி முடித்தபின், நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு வடித்து ஊற்றல் போதும். 'ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்' என்று சில கம்பெனிகள் சொன்னதை இந்த வயதுக் காருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல், வாங்கிய டப்பாவிலேயே ஊற்றி, பழைய ஆயில் எடுக்கும் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு காலையில், காரை எடுக்கும் முன், சம்ப்பின் கீழே ஒரு அட்டையை விரித்து வைத்துப் பாருங்கள். அட்டையில் சிவப்புச் சொட்டு விழுந்திருந்தால் பேக்கிங்கோ டிரெயின் வாஷரோ கசிகிறது என்று பொருள்.